லாஸ் வேகாஸ் சுற்றுலா: அறை பதிவு செய்வதில் இருந்து ஊர் திரும்பும் வரை முழு வழிகாட்டி

லாஸ் வேகாஸ் என்றதும் கண்முன் வருகிற அந்த விளக்கு வரிசைச் சாலை, நிர்வாகக் கணக்கில் லாஸ் வேகாஸ் நகரத்துக்குள் வராது. எல்லோரும் 'ஸ்ட்ரிப்' என்று அழைக்கும் அது, தெற்கே மாண்டலே பே ஹோட்டல் பக்கம் தொடங்கி வடக்கே சஹாரா ஹோட்டல் வரை ஏறக்குறைய 6.8 கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி பாரடைஸ் என்ற பகுதியில், கிளார்க் கவுண்டி (மாவட்டம்) நிர்வாகத்தின் கீழ் இருக்கிறது. பழைய நகரம் அங்கிருந்து இன்னும் வடக்கே, ஃப்ரீமாண்ட் தெருவைச் சுற்றி. அதை டவுன்டவுன் என்கிறார்கள். இந்த இரண்டு இடங்களையும் வரைபடத்தில் ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டு அறை தேட ஆரம்பித்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 'வேகாஸில் மலிவான ஹோட்டல்' என்று வருகிற பல விளம்பரங்கள் இரண்டுக்கும் தொலைவில் இருக்கும். அறையில் மிச்சமான காசு டாக்ஸிக்குப் போய்விடும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரிப்பின் பெரிய ஹோட்டல்களுக்கு இன்று சூதாட்டத்தை விட அறை, சாப்பாடு, நிகழ்ச்சிகள் மூலம் வருகிற வருமானம்தான் அதிகம். சீட்டைத் தொடாதவருக்கும் இங்கே பர்ஸ் காலியாகும். எதற்கு எவ்வளவு என்பதை விமானம் ஏறும் முன் வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். கேசினோவுக்குள் நின்றுகொண்டு எடுக்கும் முடிவுகள் பெரும்பாலும் கேசினோவுக்கே லாபம். கீழே வருகிற ஒவ்வொரு கட்டத்திலும் நான் இதையே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

1. முதலில் தேதி, அப்புறம் ஹோட்டல்

இந்த ஊரில் அறை வாடகைக்கு நிலையான விலை கிடையாது. ஒரே அறை செவ்வாய்க்கிழமை ஒரு விலை, சனிக்கிழமை அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. ஞாயிறு இரவு உள்ளே போய் வியாழன் காலை வெளியே வருவதுதான் சுற்றுலாப் பயணிக்குச் சரியான கணக்கு. கூட்டமும் குறைவு, சூதாட்ட மேசைகளில் குறைந்தபட்சப் பந்தயத் தொகையும் குறைவு.

வார நாள் என்று மட்டும் பார்த்தாலும் போதாது. ஜனவரித் தொடக்கத்தில் நடக்கும் மின்னணுக் கண்காட்சியான சிஇஎஸ் வாரத்தில் வார நாட்களே விலை உச்சிக்குப் போகும். 2023-இல் இருந்து நவம்பரில் ஃபார்முலா 1 பந்தயம் ஸ்ட்ரிப் சாலையிலேயே நடக்கிறது. அந்த வாரம் சாலைகள் அடைபடும், நடப்பதே சிரமம். ஊரின் சுற்றுலா வாரியம் மாநாட்டு நாட்காட்டியை இணையத்தில் வெளியிடுகிறது. பதிவு செய்யும் முன் அதை ஒருமுறை பாருங்கள்.

வெயில் விஷயத்தில் விளையாட வேண்டாம். இது பாலைவனம். ஜூலையில் பகல் வெப்பம் சராசரியாகவே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும்; 2024 ஜூலை 7-ஆம் தேதி ஏறக்குறைய 49 டிகிரி வரை போனது. காற்று வறண்டிருப்பதால் வியர்வை உடனே காய்ந்துவிடும், உடம்பில் நீர் குறைவதே தெரியாது. மார்ச் நடுவில் இருந்து மே வரை, அக்டோபர், நவம்பர் முதல் பாதி ஆகியவை நல்ல பருவம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் 4, 5 டிகிரிக்கு இறங்கும். நீச்சல் குளத்துக்காகவே போகிறவர்கள் அந்த மாதங்களைத் தவிர்க்கலாம், பல ஹோட்டல்கள் குளங்களைக் குறைத்தோ மூடியோ வைத்திருக்கும்.

2. அறையின் உண்மையான விலை

விளம்பரத்தில் 60 டாலர் என்று இருக்கும். அதோடு 'ரிசார்ட் ஃபீ' என்ற கட்டாயக் கட்டணம் சேரும். ஸ்ட்ரிப்பில் இது ஒரு இரவுக்குப் பொதுவாக 35 முதல் 55 டாலர். இரண்டின் மீதும் சுமார் 13 சதவீதம் வரி. 60 டாலர் அறைக்கு 50 டாலர் ரிசார்ட் ஃபீ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 124 டாலருக்கு மேல். அறையின் விலையை விட இந்த உபரி அதிகம்! 2025 மே மாதம் அமலுக்கு வந்த அமெரிக்க மத்திய விதிப்படி, கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும். அப்படியும் வரி தனியாக வரும் என்பதால், பணம் கட்டும் கடைசித் திரையில் வருகிற தொகையை மட்டும் வைத்து ஹோட்டல்களை ஒப்பிடுங்கள்.

கார் எடுத்துப் போகிறவர்கள் பார்க்கிங் கட்டணத்தையும் சேர்க்க வேண்டும். ஒரு காலத்தில் ஸ்ட்ரிப் முழுக்க இலவசமாக இருந்தது. 2016-இல் இருந்து பெரிய ஹோட்டல்கள் ஒவ்வொன்றாகக் காசு வாங்க ஆரம்பித்தன.

எங்கே தங்குவது? முதல்முறை என்றால் ஸ்ட்ரிப்பின் நடுப்பகுதி என்பது என் கருத்து. பெல்லாஜியோ, சீசர்ஸ், ஃப்ளமிங்கோ, பாரிஸ் ஹோட்டல்கள் எல்லாம் இருக்கும் இடம். நடுவில் தங்கினால் பார்க்க வேண்டியவற்றில் பாதி, கால்நடையாகப் போகும் தூரத்தில் இருக்கும். டவுன்டவுனில் அறையும் மேசைகளும் மலிவு, ஆனால் ஸ்ட்ரிப்புக்குத் தினமும் பஸ்ஸோ டாக்ஸியோ பிடிக்க வேண்டும். குழந்தைகளோடு போகிறவர்களும் புகை ஒத்துக்கொள்ளாதவர்களும் ஒன்றைக் கவனியுங்கள்: லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் கேசினோ தளத்தில் புகை பிடிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஸ்ட்ரிப்பின் பெரிய ஹோட்டல்களில் பார்க் எம்ஜிஎம் 2020-இல் இருந்து முழுக்கப் புகையில்லாத ஹோட்டலாக இயங்குகிறது.

3. விமான நிலையத்தில் இருந்து அறை வரை

ஹாரி ரீட் சர்வதேச விமான நிலையம் ஸ்ட்ரிப்புக்கு மிகப் பக்கம். 2021 வரை அதன் பெயர் மெக்காரன், பழைய குறிப்புகளில் அப்படித்தான் இருக்கும். விமானத்தை விட்டு இறங்கி நடக்கும்போதே ஸ்லாட் மெஷின் என்ற சூதாட்ட எந்திரங்கள் வரிசையாக நிற்கும். அவற்றைப் பார்த்துக்கொண்டே கடந்து போங்கள்.

விமான நிலையத்தில் இருந்து ஸ்ட்ரிப் ஹோட்டல்களுக்கு டாக்ஸிக் கட்டணம் மண்டலவாரியாக நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. ஏறும்போதே "ஃப்ளாட் ரேட்" என்று சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். சுரங்கப் பாதை, நெடுஞ்சாலை என்று சுற்றிக்கொண்டு போய் மீட்டரை ஏற்றுவது இந்த ஊரின் பழைய புகார். நிர்ணயக் கட்டணம் அதற்கு முற்றுப்புள்ளி வைக்கிறது. உபர், லிஃப்ட் செயலிகளில் வண்டி பிடிக்கிறவர்கள் டெர்மினல் 1-இல் கார் நிறுத்தும் கட்டடத்தின் 2-ஆம் தளத்துக்குப் போக வேண்டும். ஸ்ட்ரிப் ஹோட்டல்களை இணைக்கும் மோனோரயில் விமான நிலையத்துக்கு வராது.

அறை பெரும்பாலும் மாலை 3 அல்லது 4 மணிக்குத்தான் கிடைக்கும். சீக்கிரம் வேண்டுமென்றால் தனிக் கட்டணம் கேட்பார்கள். கொடுக்க வேண்டியதில்லை, பெட்டிகளை பெல் டெஸ்க்கில் ஒப்படைத்துவிட்டு வெளியே சுற்றலாம், எடுக்கும்போது ஒரு பெட்டிக்கு ஓரிரு டாலர் டிப்ஸ் கொடுத்தால் போதும். அறைக் கட்டணத்துக்கு மேல் ஒவ்வொரு இரவுக்கும் ஒரு முன்பணத்தை உங்கள் அட்டையில் பிடித்து வைப்பார்கள். கிரெடிட் கார்டைக் கொடுங்கள். டெபிட் கார்டு கொடுத்தால் உங்கள் சொந்தப் பணம் அத்தனை நாளும் முடங்கிக் கிடக்கும்.

அறைக்குள் போனதும் கண்ணில் படுகிற சாக்லேட், தண்ணீர் பாட்டில், மினிபார் எதையும் தூக்கிப் பார்க்க வேண்டாம். பல ஹோட்டல்களில் அடியில் சென்சார் இருக்கிறது; எடுத்து இடம் மாற்றினாலே பில்லில் ஏறிவிடும். உங்கள் பழச்சாற்றை வைக்க அந்தக் குளிர்பெட்டியில் இடம் ஒதுக்குவதும் அதே கதைதான். தண்ணீரை ஸ்ட்ரிப்பில் இருக்கும் மருந்துக் கடைகளில் மொத்தமாக வாங்கி வாருங்கள்.

4. ஊருக்குள் நடமாட்டம்

எதிரே தெரிகிற ஹோட்டல் பக்கத்தில் இருப்பது போலத்தான் தெரியும். கட்டடங்கள் அவ்வளவு பெரியவை, எம்ஜிஎம் கிராண்டில் மட்டும் ஐந்தாயிரத்துக்கு மேல் அறைகள். நடக்க ஆரம்பித்தால் அரை மணி ஆகும். சாலையை நேராகக் கடக்கப் பல இடங்களில் வழியில்லை. எஸ்கலேட்டர் ஏறி, நடைமேம்பாலம் கடந்து, கேசினோவுக்குள் புகுந்து வெளியே வர வேண்டும். புதுச் செருப்பு, குதிகால் உயர்ந்த காலணி எல்லாம் இந்த ஊருக்கு ஆகாது. நடைமேம்பாலத்தில் நின்று படம் எடுப்பதையும் தவிர்க்க வேண்டும். பாலங்களில் காரணமில்லாமல் நிற்பதைத் தடை செய்து கிளார்க் கவுண்டி 2024-இல் சட்டம் போட்டிருக்கிறது.

டியூஸ் என்ற பஸ் ஸ்ட்ரிப்பையும் ஃப்ரீமாண்ட் தெருவையும் 24 மணி நேரமும் இணைக்கிறது. மெதுவாகத்தான் போகும், ஆனால் மலிவு. மோனோரயில் கிழக்குப் பக்க ஹோட்டல்களின் பின்புறமாக, எம்ஜிஎம் கிராண்டில் இருந்து சஹாரா வரை 7 நிலையங்களில் நின்று போகிறது. நிலையத்தை அடைய ஒவ்வொரு ஹோட்டலுக்குள்ளும் கொஞ்ச தூரம் நடக்க வேண்டியிருக்கும் என்பதால், நீண்ட தூரத்துக்குத்தான் பயன். மாண்டலே பே முதல் எக்ஸ்காலிபர் வரைக்கும், பெல்லாஜியோ முதல் பார்க் எம்ஜிஎம் வரைக்கும் இலவச டிராம் வண்டிகள் ஓடுகின்றன. வெயில் நேரத்தில் இவை பெரிய உதவி.

5. விளையாடுவதாக இருந்தால்

விளையாடாமலேயே இந்த ஊரை முழுதாக ரசிக்கலாம். விளையாட ஆசை என்றால், நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: எந்த விளையாட்டிலும் கணக்கு கேசினோ பக்கம் சாய்ந்திருக்கிறது. மேசையில் வைக்கிற பணத்தைச் செலவாகவே எழுதிவிடுங்கள். ஒரு நாளுக்கு இவ்வளவு என்று ரொக்கமாகப் பிரித்துத் தனித்தனி உறையில் போட்டு, அன்றைய உறையை மட்டும் எடுத்துக்கொண்டு கீழே இறங்குங்கள். வங்கி அட்டைகள் அறையின் பெட்டகத்திலேயே இருக்கட்டும். கேசினோவுக்குள் இருக்கும் ஏடிஎம் ஒவ்வொரு முறையும் 10 டாலர் அளவுக்குக் கட்டணம் எடுப்பது சாதாரணம். அங்கே போய் நிற்கிற நிலை வந்தாலே அன்றைய ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம்.

கணக்கு எப்படிச் சாய்கிறது என்பதை ரூலெட் என்ற சுழல்சக்கர மேசையில் தெளிவாகப் பார்க்கலாம். நீங்கள் பந்தயம் வைத்த எண்ணில் பந்து விழுந்தால் ஒரு டாலருக்கு 35 டாலர் தருவார்கள், போட்ட டாலரும் திரும்ப வரும், ஆக 36. ஆனால் சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்களோடு பூஜ்ஜியமும் இருக்கிறது. ஒரு பூஜ்ஜியம் உள்ள சக்கரத்தில் 37 குழிகள், எல்லாவற்றிலும் ஒவ்வொரு டாலர் வைத்தால் 37 கொடுத்து 36 வாங்குவீர்கள். கேசினோவின் பங்கு 2.70 சதவீதம். இரண்டு பூஜ்ஜியம் என்றால் 38 கொடுத்து 36, அதாவது 5.26 சதவீதம். ஸ்ட்ரிப்பில் இப்போது மூன்று பூஜ்ஜியச் சக்கரங்கள் நிறைய வந்துவிட்டன. அதில் 39 கொடுத்து 36, இது 7.69 சதவீதம். மூன்றாவது குழியில் ஹோட்டலின் சின்னத்தையோ எழுத்தையோ போட்டு வைத்திருப்பார்கள். உட்காரும் முன் சக்கரத்தில் பச்சைக் குழிகள் எத்தனை என்று எண்ணுங்கள். மூன்று இருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

21-ஐ எட்டப் பார்க்கும் சீட்டாட்டமான பிளாக்ஜாக்கில் பார்க்க வேண்டியது மேசைத் துணியில் அச்சிட்டிருக்கும் விகிதம். முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் 3-க்கு 2 என்ற மேசை 10 டாலருக்கு 15 டாலர் தரும். 6-க்கு 5 என்ற மேசை 12 டாலர்தான் தரும். பார்க்கச் சின்ன வித்தியாசம், ஆனால் கேசினோவின் சாதகத்தை ஏறக்குறைய 1.4 சதவீதம் கூட்டிவிடுகிறது. குறைந்தபட்சப் பந்தயம் சிறியதாக இருக்கும் ஸ்ட்ரிப் மேசைகளில் பெரும்பாலும் 6-க்கு 5 தான். எந்த நேரத்தில் சீட்டு கேட்பது, எப்போது நிறுத்துவது என்று அட்டவணை போட்ட சிறிய அட்டை ஹோட்டல் பரிசுக் கடைகளிலேயே கிடைக்கும். அதை மேசையில் வைத்துப் பார்த்தே ஆடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்.

முதல்முறை மேசையில் உட்காருவது கூச்சமாக இருக்கும். நடைமுறை இவ்வளவுதான். காலி இருக்கையில் உட்கார்ந்து, நடந்துகொண்டிருக்கும் ஆட்டம் முடியக் காத்திருங்கள். பணத்தை டீலர் (ஆட்டத்தை நடத்தும் ஊழியர்) கையில் கொடுக்கக் கூடாது. துணியின் மேல் வையுங்கள். அவர் நோட்டுகளை விரித்துக் காட்டி, மேற்பார்வையாளருக்குக் குரல் கொடுத்து, பணத்தை மேசையின் துவாரத்துக்குள் தள்ளிவிட்டு, பணத்துக்குப் பதில் வைத்து ஆடும் வில்லைகளான சிப்ஸை உங்கள் பக்கம் தள்ளி வைப்பார். உங்கள் வட்டத்தில் சிப்ஸ் வைத்த பிறகு அதைத் தொடக் கூடாது. சீட்டுகள் முகம் தெரியப் போடும் மேசையில் சீட்டையும் தொடக் கூடாது. இன்னொரு சீட்டு வேண்டுமென்றால் விரலால் துணியைத் தட்டுங்கள். போதுமென்றால் உள்ளங்கையைக் கிடையாக அசையுங்கள். வாயால் சொன்னால் போதாது, மேலே இருக்கும் கேமராவில் கை அசைவு பதிவாக வேண்டும். தொகையை இரட்டிப்பாக்கும்போது புது சிப்ஸைப் பழைய சிப்ஸின் பக்கத்தில் வையுங்கள், மேலே அடுக்க வேண்டாம். செல்போனைப் பையில் போடுங்கள். தெரியாததை டீலரிடமே கேளுங்கள், கூட்டம் இல்லாத காலை நேரத்தில் அவர்கள் பொறுமையாகச் சொல்லித் தருவார்கள். எழும்போது சிறு சிப்ஸ்களைத் தள்ளி "கலர் அப்" என்றால் பெரிய மதிப்பு சிப்ஸாக மாற்றித் தருவார். ரொக்கமாக்க 'கேஜ்' என்ற காசாளர் கூண்டுக்குப் போக வேண்டும்.

பாக்கரா என்ற சீட்டாட்டத்தில் 'பேங்கர்' பந்தயத்தில் கேசினோவின் சாதகம் 1.06 சதவீதம், 'பிளேயரில்' 1.24. இரண்டும் சம வாய்ப்பு போலத்தான். 'டை' என்ற சமநிலைப் பந்தயம் மட்டும் 14 சதவீதத்துக்கு மேல் தின்னும், அந்தப் பக்கமே போக வேண்டாம். கிராப்ஸ் என்ற பகடை ஆட்டத்தில் 'பாஸ் லைன்' பந்தயத்துக்கு இது 1.41 சதவீதம்.

ஸ்லாட் மெஷினைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல்முறை வருகிறவர்களின் பணம் பெரும்பாலும் அங்கேதான் போகிறது. 'பென்னி மெஷின்' என்று எழுதியிருக்கும், ஒரு சென்ட் ஆட்டம் என்று நினைத்து உட்காருவோம். உண்மையில் ஒரு சுழற்சிக்குக் குறைந்தது 50 சென்ட், 80 சென்ட் என்று கேட்கும். 80 சென்ட், மணிக்கு 500 சுழற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் நீங்கள் பந்தயம் வைத்தது 400 டாலர். மெஷின் அதில் 10 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டால் சராசரி இழப்பு 40 டாலர். நெவாடா விதிப்படி மெஷின் குறைந்தது 75 சதவீதத்தைத் திருப்பித் தர வேண்டும். அதற்கு மேல் எவ்வளவு என்பதை மெஷினைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. இவ்வளவு நேரம் கொடுக்கவில்லை, இனி கொடுக்கும் என்பது பொய்க் கணக்கு. ஒவ்வொரு சுழற்சியும் தற்செயல் எண் நிரலில் புதிதாக முடிவாகிறது. முந்தைய ஆயிரம் சுழற்சிகள் அதற்குத் தெரியாது. மெதுவாக ஆடுவதுதான் இங்கே ஒரே பாதுகாப்பு.

ஆடுகிறவர்களுக்குப் பானங்கள் இலவசம். கொண்டு வருகிறவருக்கு ஒரு டாலர், இரண்டு டாலர் டிப்ஸ் தருவது வழக்கம். குடித்துக்கொண்டே ஆடினால் உறையின் கணக்கு மறந்துபோகும், இலவசத்தின் விலை அதுதான். ஆடும் அளவுக்குப் புள்ளி சேர்க்கும் பிளேயர்ஸ் கார்டு காசில்லாமல் கிடைக்கும், ஆடுவதாக இருந்தால் முதலில் அதை வாங்கிவிடுங்கள். புள்ளிகளுக்காக அதிகம் ஆட மட்டும் கூடாது.

வயது 21 நிரம்பாதவர் ஆடவோ குடிக்கவோ கூடாது. தோற்றம் எப்படி இருந்தாலும் அடையாள அட்டை கேட்பார்கள். வெளிநாட்டவருக்குப் பாஸ்போர்ட்தான் பாதுகாப்பு. பிள்ளைகளோடு கேசினோ தளத்தின் நடைபாதையில் கடந்து போகலாம், மெஷின் பக்கத்தில் நிறுத்தி வைக்கக் கூடாது. வயது குறைந்தவர் வென்றாலும் பணம் தர மாட்டார்கள்.

மெஷினில் பெரிய தொகை விழுந்தால் அது அப்படியே நின்றுவிடும், ஊழியர் வரி படிவத்தோடு வருவார். நீண்ட காலம் 1,200 டாலராக இருந்த இந்த வரம்பு 2026 முதல் 2,000 டாலர். வெளிநாட்டுப் பயணிகளுக்குப் பொதுவாக 30 சதவீதத்தை அங்கேயே பிடித்துவிடுவார்கள். பிளாக்ஜாக், பாக்கரா, கிராப்ஸ், ரூலெட் ஆட்டங்களில் வெல்வதற்கு அந்தப் பிடித்தம் கிடையாது.

உங்களோடு வந்தவர் தோற்றதைப் பிடிக்கத் திரும்பத் திரும்ப ஓடுகிறார் என்றால், அவரை அங்கிருந்து அழைத்துக்கொண்டு வெளியே போங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. 1-800-426-2537 என்ற உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது, இலவசம்.

6. காசில்லாமல் பார்க்க வேண்டியவை

பெல்லாஜியோ நீரூற்றுக்கு முதலிடம். 1998-இல் இருந்து ஆடுகிறது. பகலில் அரை மணிக்கு ஒருமுறை, இரவில் கால் மணிக்கு ஒருமுறை நள்ளிரவு வரை. பலத்த காற்று அடித்தால் நிறுத்திவிடுவார்கள். ஒரு பாட்டுக்குப் பார்த்துவிட்டு ஓடாதீர்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஆட்டம் வேறு. முதலில் ஏரியின் கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்று பாருங்கள். தண்ணீர் மேலே பாயும்போது வருகிற வெடிச் சத்தம் நெஞ்சில் அதிரும், சாரல் முகத்தில் படும். அப்புறம் எதிர்ப்பக்கம் போய், பாரிஸ் ஹோட்டலின் பாதியளவு ஈஃபிள் கோபுரத்தின் கீழ் நின்று முழு ஏரியையும் ஒரே பார்வையில் பாருங்கள். பெல்லாஜியோ ஹோட்டலுக்குள்ளே வரவேற்பறைக் கூரையில் கண்ணாடிக் கலைஞர் டேல் சிஹூலி ஊதிச் செய்த கண்ணாடிப் பூக்கள், சுமார் இரண்டாயிரம். அதை அடுத்த மலர்க்கூடம் பருவத்துக்குப் பருவம் முழுதாக மாறும். இதுவும் இலவசம்.

ஃப்ளமிங்கோ ஹோட்டலின் பின்னால் உண்மையான பூநாரைகள் இருக்கும் தோட்டம், வெனிஷியனுக்குள் வர்ணம் தீட்டிய வானம், ஓடம் போகும் கால்வாய், 2023-இல் திறந்த ஸ்ஃபியர் கோளத்தின் வெளிப்புறத் திரை. எல்லாவற்றையும் ஒரே மாலையில் நடந்து பார்த்துவிடலாம். மிராஜ் ஹோட்டலின் எரிமலை 2024 ஜூலையில் ஹோட்டலோடு மூடப்பட்டது; ட்ராபிகானா அதே ஆண்டு அக்டோபரில் தகர்க்கப்பட்டது. பழைய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இவற்றைத் தேடி அலைய வேண்டாம்.

ஒரு இரவை டவுன்டவுனுக்குக் கொடுங்கள். ஃப்ரீமாண்ட் தெருவின் மேலே 1995-இல் போட்ட வளைகூரை முழுவதும் இப்போது ஒளித்திரை. தெருமுனையில் இருக்கும் கோல்டன் கேட் ஹோட்டல் 1906-இல் தொடங்கியது. வரலாறு பிடிக்கும் என்றால் மாப் மியூசியத்தை விட்டுவிடாதீர்கள். குற்றக் கும்பல்களை விசாரித்த கீஃபாவர் செனட் குழு 1950-இல் அமர்ந்த அதே நீதிமன்றக் கட்டடத்தில் அது இருக்கிறது. அந்த நீதிமன்ற அறையையே பார்க்கலாம். பழைய விளக்குப் பலகைகளைச் சேர்த்து வைத்திருக்கும் நியான் மியூசியத்துக்கு இருட்டிய பிறகு நேரம் பதிவு செய்துகொண்டு போங்கள். இந்த இரண்டுக்கும் நுழைவுக் கட்டணம் உண்டு, கொடுத்துப் பார்க்கத் தகுந்தவை.

7. நிகழ்ச்சியும் சாப்பாடும்

ஒரு பெரிய நிகழ்ச்சிக்காவது பணம் ஒதுக்குங்கள், சூதாட்ட உறையில் இருந்து எடுத்தாவது. பெல்லாஜியோவில் சர்க் டு சொலே சர்க்கஸ் குழு 1998 முதல் நடத்தும் 'ஓ', சுமார் 57 லட்சம் லிட்டர் தண்ணீர் கொண்ட மேடையில் நடக்கிறது. கண் முன்னே குளம் தரையாகும், தரை குளமாகும். பெரும்பாலான நிகழ்ச்சிகளுக்கு வாரத்தில் விடுமுறை நாட்கள் உண்டு, அவற்றைப் பார்த்து நாட்களை அமையுங்கள்.

தெருவில் "இலவச நிகழ்ச்சி டிக்கெட் வேண்டுமா, எத்தனை நாள் தங்குகிறீர்கள்" என்று சிரித்தபடி கேட்பவர்கள், விடுமுறை விடுதிகளில் பங்கு விற்கும் டைம்ஷேர் விற்பனையாளர்கள். டிக்கெட்டுக்கு ஈடாக இரண்டு மணி நேரமாவது உட்காரவைத்து, பங்கு வாங்கச் சொல்லி நெருக்குவார்கள். விடுமுறையில் அந்த நேரம் அதை விட மதிப்பானது.

மலிவு பஃபே என்பது பழைய காலம். 2020-க்குப் பிறகு பல மூடிவிட்டன, மிஞ்சியவற்றில் சீசர்ஸின் பக்கனல் போன்றவை விலை உயர்ந்தவை. போவதென்றால் அன்று அது ஒன்றே சாப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பில் வந்ததும் வரிவரியாகப் படியுங்கள். சில உணவகங்களில் 'சிஎன்எஃப்' என்று 4, 5 சதவீதம் சேர்த்திருப்பார்கள். அது அரசு வரி இல்லை, கடையின் சொந்தக் கட்டணம். நீக்கச் சொல்லிக் கேட்கலாம். டிப்ஸ் ஏற்கனவே சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்; இல்லையென்றால் 18 முதல் 20 சதவீதம் வைப்பது அங்கே வழக்கம்.

8. ஒரு நாள் பாலைவனத்துக்கு

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். மேற்கே சுமார் 27 கிலோமீட்டரில் ரெட் ராக் கேன்யன். சிவந்த பாறைகளுக்கு நடுவே 13 மைல் ஒருவழிச் சாலை, இடையிடையே இறங்கி நடக்கப் பாதைகள். அக்டோபர் முதல் மே வரை நுழைவு நேரத்தை முன்பதிவு செய்ய வேண்டும்.

தென்கிழக்கே ஐம்பது கிலோமீட்டர் போனால் ஹூவர் அணை, 221 மீட்டர் உயரம். நெவாடா சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கிய 1931-ஆம் ஆண்டிலேயே இதன் கட்டுமானமும் தொடங்கியது. தொழிலாளர்களுக்காகக் கட்டிய போல்டர் சிட்டியில் மட்டும் அன்று சூதாட்டம் கூடாது என்றார்கள். இன்றைக்கும் அங்கே தடைதான். அணைக்குப் போகும் வழியில் அந்த அமைதியான ஊரில் இறங்கிச் சாப்பிடலாம்.

கிராண்ட் கேன்யன் விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம். வேகாஸில் இருந்து ஒரே நாளில் போய்வரும் பல சுற்றுலாக்கள் 'வெஸ்ட் ரிம்' பகுதிக்குத்தான் போகின்றன. அது ஹுவலபாய் பழங்குடியினரின் நிலம், கண்ணாடி நடைபாதை அங்கேதான் இருக்கிறது. தேசியப் பூங்கா அது அல்ல. படங்களில் பார்க்கும் விரிந்த காட்சி வேண்டுமென்றால் 'சவுத் ரிம்' போக வேண்டும். காரில் ஒரு வழிக்கே நாலரை மணி நேரம் ஆகும், அங்கே ஒரு இரவு தங்குவது நல்லது.

எங்கே போனாலும் ஆளுக்கு மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் வண்டியில் இருக்கட்டும். கோடையில் காலை பத்து மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள்.

9. சட்டமும் தெருவும்

ஸ்ட்ரிப்பில் கையில் மதுவோடு நடக்கலாம், கண்ணாடிப் பாத்திரம் கூடாது. நெவாடாவில் 2017 முதல் பெரியவர்களுக்குக் கஞ்சா விற்பனை சட்டபூர்வம், கடைகள் கண்ணில் படும். ஆனால் தெருவிலோ ஹோட்டலிலோ கேசினோவிலோ பயன்படுத்தக் கூடாது, அமெரிக்க மத்தியச் சட்டத்தில் அது இன்னும் குற்றம். விசாவில் போகிறவர்களுக்கு இதனால் பின்னாளில் குடிவரவுத் துறையில் சிக்கல் வரலாம். தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான ஆலோசனை. பாலியல் தொழிலும் இங்கே சட்டபூர்வம் என்று பலர் நம்புகிறார்கள். வேகாஸ் இருக்கும் கிளார்க் கவுண்டியில் அது சட்டவிரோதம்.

வேடமிட்டவர்கள் தோளில் கை போட்டுப் படம் எடுத்தால் பின்னாலேயே காசு கேட்பார்கள். படம் வேண்டுமென்றால் தொகையை முதலில் பேசிவிடுங்கள். கையில் குறுந்தகடு திணிப்பவரிடமும், வளையல் மாட்டிவிட்டு நன்கொடை கேட்பவரிடமும் கையை நீட்டாமல் நடந்துகொண்டே இருங்கள்.

10. கிளம்பும் நாள்

மெஷின்கள் காசு கொடுப்பதில்லை, பார்கோடு அச்சிட்ட சீட்டுதான் தரும். பையில், சட்டையில், பர்ஸில் என்று சிதறிக் கிடக்கும் சீட்டுகளைத் திரட்டி, ரொக்க எந்திரத்திலோ கேஜிலோ மாற்றிவிடுங்கள். ஒரு கேசினோவின் சிப்ஸை வேறு கேசினோவில் செலுத்த முடியாது என்பதால் அதையும் அந்தந்த இடத்திலேயே முடித்துவிட வேண்டும்.

தொலைக்காட்சித் திரையிலோ செயலியிலோ அறையைக் காலி செய்யும் வசதி இருந்தாலும், முழு பில்லை ஒருமுறை திறந்து பாருங்கள். எடுக்காத மினிபார் பொருள் ஏறியிருந்தால் கிளம்பும் முன்பே வரவேற்பு மேசையில் சொல்லுங்கள், நேரில் கேட்டால் பெரும்பாலும் அங்கேயே நீக்கிவிடுவார்கள். ஞாயிறு மதியம் கிளம்புவதாக இருந்தால் விமான நிலையப் பாதுகாப்பு வரிசைக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் வையுங்கள். லாஸ் ஏஞ்சலிஸுக்குக் காரில் திரும்புகிறவர்கள் அன்று காலையிலேயே ஐ-15 நெடுஞ்சாலையைப் பிடித்துவிட வேண்டும், மதியத்துக்கு மேல் மாநில எல்லையில் வண்டிகள் தேங்கி நிற்கும். அட்டையில் பிடித்து வைத்த முன்பணம் திரும்பச் சில நாட்கள் ஆகும். ஒரு வாரத்துக்குப் பிறகு கணக்கைத் திறந்து அது விடுபட்டிருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.